கண்ணாடித் தொட்டியும் அழையா விருந்தாளியும்

கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியை வீட்டுக் கூடத்தில் வைத்து, அதில் வண்ண மீன்களையும் பவளத்தையும் வளர்ப்போர் மேலைநாடுகளில் பலர் உளர். அவர்களுள் சிலருக்கு ஓர் எதிர்பாராத அனுபவம் நேர்வதுண்டு. கடலடியிலிருந்து வந்த பாறைத் துண்டொன்றைத் தொட்டியில் இட்டுச் சில வாரங்கள் சென்றிருக்கும். இரவில் விளக்கணைத்த பின், விரல் நகத்தால் கண்ணாடியைச் சுண்டினாற்போல 'டக், டக்' என்ற ஓசை எழும். காலையில் பார்த்தால் நத்தைகளின் ஓடுகள் நொறுங்கிக் கிடக்கும். எண்ணி விட்ட மீன்களில் ஒன்று குறையும். கூர்ந்து நோக்கினால், பாறையின் துளை ஒன்றில், காம்பின் மேல் நின்று தனித்தனியே சுழலும் இரு கண்கள் மட்டும் புலப்படும்.

அக்கண்களுக்கு உரியது மாண்டிஸ் இறால் என்னும் உயிர். நம் தோட்டங்களில் காணும் கும்பிடுபூச்சி எவ்வாறு முன்கைகளை மடித்துக்கொண்டு இரைக்குக் காத்து நிற்கிறதோ, அவ்வாறே இதுவும் நிற்பதால் அப்பூச்சியின் பெயர் இதற்கும் வந்தது. பெயரில் இறால் இருப்பினும் இது நாம் உண்ணும் இறாலுக்கு நெருங்கிய உறவன்று. மிகப் பழைய காலத்திலேயே தனிக் கிளையாகப் பிரிந்துவிட்ட ஒரு குலம் இது. இக்குலத்தில் 450-க்கும் மேற்பட்ட இனங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு சாரார் ஈட்டிக்காரர். முள் நிறைந்த கையை வீசி மீனைக் குத்தி எடுப்பர். மற்றொரு சாரார் சம்மட்டிக்காரர். தடித்த கைமுட்டியால் நத்தையையும் நண்டையும் அடித்து உடைப்பர். பாறைத் துளையில் ஒளிந்து வீட்டுக்குள் வருவோர் பெரும்பாலும் இந்தச் சம்மட்டிக்காரரே.

விரட்டப்பட்ட இந்த உயிர், விரும்பி வளர்க்கப்படும் உயிராகவும் ஆய்வுக்கூடத்தின் அரிய விருந்தாகவும் ஆன வரலாறு சுவையானது. அதைச் சொல்லுமுன், கடலை வீட்டுக்குள் கொணர்வதற்கு மனிதர் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

கடலுயிர்களைத் தொட்டியில் வைத்து முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒரு பெண்மணியின் பெயர் முதலில் நிற்கிறது. ழான் வில்ப்ரே பவர் என்ற அவர் பிரெஞ்சு நாட்டுச் சிற்றூரில் 1794-இல் பிறந்தவர்; பாரிஸ் நகரில் ஆடை தைத்துப் பிழைத்தவர்; மணமான பின் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் குடியேறியவர். ஆர்கொனாட் என்னும் ஓடுடைய கணவாய் தன் ஓட்டைத் தானே கட்டுகிறதா, பிற உயிரின் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா என்பது அக்காலத்து விலங்கியலாரின் வழக்கு. இறந்த உடல்களை மேசைமேல் பரப்பி அறிஞர்கள் வாதாடிக் கொண்டிருக்க, இவ்வம்மையார் 1832 முதல் அவ்வுயிர்களைத் தொட்டிகளிலும் கடலில் இறக்கிய கூண்டுகளிலும் உயிருடன் வைத்துப் பார்த்தார். உடைந்த ஓட்டை அக்கணவாயே செப்பனிடுவதைக் கண்ணாரக் கண்டு வழக்கைத் தீர்த்து வைத்தார். உயிருள்ளதை உயிருடன் பார்க்கவேண்டும் என்ற இந்த எளிய எண்ணமே நம் கதையின் வேர்.

ஆனால் மெஸ்ஸினாவில் கடல் வாசற்படியில் இருந்தது. கடலுக்கு வெகுதொலைவிலுள்ள நகரத்து வீட்டில் என் செய்வது? இதற்கு விடை கண்டவரும் ஒரு பெண்மணியே. 1846-ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் சீமாட்டி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீ என்ற ஊருக்குச் சென்றிருந்தபோது, அங்கே கிடைத்த கற்பவள உயிர்களின் அழகில் மனம் பறிகொடுத்தார். வழியில் உருண்டு சிதையாதபடி அவற்றை ஊசிநூலால் ஒரு கடற்பஞ்சின் மேல் தைத்து, ஜாடியில் நீருடன் வைத்து லண்டனுக்குக் கொண்டு வந்தார். அவருடைய கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் பொறுப்பு வகித்த குருமார். வீடு பேராலயத்தின் அருகில். அங்கே நாள்தோறும் பணிப்பெண் ஒருத்தி திறந்த சாளரத்தின் முன் நின்று, அரைமணி முக்கால்மணி நேரம் அக்கடல்நீரைப் பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றி ஆற்றுவாள். நம் ஊரில் தேநீர்க் கடைக்காரர் தேநீர் ஆற்றுவது நினைவுக்கு வருகிறதல்லவா? தேநீரில் சூடு தணியும். இங்கே நீரில் காற்றுக் கலந்தது. பவளங்கள் பிழைத்தன. பின்னர்க் கடற்பாசியையும் உடன் சேர்த்து ஆண்டுக்கணக்கில் அவற்றை வாழச் செய்தார். வரலாற்று நூல்களில் அந்தப் பணிப்பெண்ணின் கைவலி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதற்கிடையில் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் செடி தானே வாழ்வதைக் கண்டிருந்தார். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் அக்கருத்தை நீருக்குள் கொண்டு சென்றார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கும். செடி விடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும். அழுகிய இலையை நத்தை உண்ணும். இம்மூன்றும் ஒத்து நின்றால் நீரை மாற்றவே வேண்டா என்று 1850-இல் அவர் அறிவித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடல்நீரிலும் இதைச் செய்து பார்த்தார். கண்ணாடிமேல் இருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடி மலிந்திருந்தது. புதிதாக ஓடிய இருப்புப் பாதைகள் கடற்கரையை நகரத்தாருக்கு ஒருநாள் பயணமாக்கின. காலம் கனிந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

கனிந்ததைப் பறித்துக் கூடையில் இட்டவர் பிலிப் ஹென்றி காஸ். உடல்நலம் நாடி டெவன்ஷயர் கடற்கரைக்குச் சென்ற இவ்வியற்கை நூலார், பாறைக் குட்டைகளில் கண்ட கடற்சாமந்திகளையும் நண்டுகளையும் தாமே வண்ணம் தீட்டி நூல்களாக வெளியிட்டார். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-இல் மீன்மனை திறக்கப்பட்டபோது மக்கள் திரண்டனர். மறு ஆண்டு, 1854-இல், காஸ் எழுதிய 'அக்வேரியம்' என்னும் நூல் வந்தது. அந்தச் சொல்லை உலக வழக்கில் நிலைநாட்டியதும் அந்நூலே. கடல்நீர் கிடைக்காத ஊர்களுக்காகச் சமையல் உப்பு, பேதி உப்பு முதலியவற்றை அளந்து கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் அதே காலத்தில் வெளியிட்டார். புத்தகம் கட்டும் தொழிலாளியாக இருந்த அல்ஃபோர்டு லாயிடு என்பவர், கடல்நீரையும் கடலுயிர்களையும் லண்டனில் கடை வைத்து விற்கலானார். செல்வர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி இல்லாவிடில் குறைவு என்ற நிலை வந்தது.

அதன் பின் நடந்ததை மாணவர்கள் கவனித்தல் நலம். நூல்களைப் படித்த மக்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைகளுக்குப் படையெடுத்தனர். பல்லாயிரம் ஆண்டுகள் தீண்டப்படாதிருந்த பாறைக் குட்டைகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. காஸின் மகன் எட்மண்டு காஸ், 1907-இல் எழுதிய தந்தை - மகன் வரலாற்று நூலில் இதை மனம் நொந்து குறிக்கிறார். தாம் நேசித்த கரைகளின் அழிவுக்குத் தம் நூல்களே வழிகாட்டின என்பதை உணர்ந்து அவர் தந்தையும் வருந்தினாராம். கொண்டு சென்றவையேனும் வாழ்ந்தனவா? அதுவும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் வாரம் சில செல்லுமுன் நீர் கலங்கி நாற்றமெடுத்தது; உயிர்கள் மாண்டன. 1860-கள் முடிவதற்குள் அந்த மோகம் வடிந்தது.

ஏன் மாண்டன? செடியும் விலங்கும் ஒத்து நின்றால் போதும் என்ற வாரிங்டனின் கணக்கில் ஒரு செலவினம் விடுபட்டிருந்தது. உயிர்களின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகும்போது அம்மோனியா பிறக்கிறது. அது நீரில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. அதைப் படிப்படியாக மாற்றி நஞ்சைத் தணிப்பவை நுண்ணுயிர்கள். விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1890-ஐ ஒட்டித்தான். லண்டன் சீமாட்டிகள் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியபோது, தங்களைக் காக்கவிருந்த கண்காணா ஊழியரையும் சேர்த்தே கழுவி ஊற்றினர் எனலாம்.

வீட்டிலிருந்து விலகிய கடல்நீர்த் தொட்டி பொதுக் காட்சிச்சாலைகளில் தொடர்ந்து வாழ்ந்தது. நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் நிறுவிய கடலாய்வு நிலையத்தின் காட்சிச்சாலை 1874-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் ஆய்வுக்கு உதவ வேண்டும் என்பது அவர் திட்டம். அந்நிலையத்தின் வெளியீட்டு வரிசையில்தான், மத்தியதரைக் கடலின் மாண்டிஸ் இறால்களைப் பற்றி வில்ஹெல்ம் கீஸ்பிரெக்ட் எழுதிய பெருநூல் 1910-இல் வந்தது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டுப் பெயர்பெற்று விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் பகுதி மாண்டிஸ் இறால்களை எல்லாம் தொகுத்து ஆராய்ந்த ஸ்டான்லி கெம்ப் என்பவரின் நூல் 1913-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலிருந்தே வெளிவந்தது. இன்றும் அறிஞர்கள் எடுத்துப் பார்க்கும் நூல் அது. ஆயினும் அதில் பேசப்படுவன பெரும்பாலும் சாராயப் புட்டியில் கிடந்த உடல்களே. அவை எப்படி வாழ்ந்தன, எதற்காகச் சண்டையிட்டன, யாரை அஞ்சின என்பன புட்டியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை.

திருப்பம் ஜாவாத் தீவிலிருந்து வந்தது. ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர், 1961-இல் அமெரிக்க இதழொன்றில் தம் முறையை எழுதினார். வடிகட்டும் பொறி எதையும் அவர் நம்பவில்லை. கடலிலிருந்து உயிருள்ள பாறைத் துண்டுகளைக் கொணர்ந்து தொட்டியில் அடுக்கினார். ஒரு குழாய் வழியே மெல்லக் காற்றுக் குமிழிகளை விட்டார். கதிரவன் ஒளியைப் படச் செய்தார். அவ்வளவே. 'உயிர்ப்பாறை' என்று பிற்காலத்தில் வளர்ப்போர் வழங்கிய இக்கல்லின் கண்ணறைதோறும் அந்த நுண்ணுயிர் ஊழியர் குடியிருந்தனர். விக்டோரியா அரசி காலத்தார் தேடிக் காணாத சமநிலை, ஒரு கல்லுக்குள் முன்பே இருந்தது. இம்முறை உடனே பரவிவிடவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில்தான் மேலைநாட்டு வளர்ப்போரிடம் வேரூன்றியது.

கல்லோடு சேர்ந்து கல்லில் குடியிருந்தவனும் வந்தான். அவன்தான் நம் மாண்டிஸ் இறால். பல ஆயிரம் ரூபாய் பெறும் மீன்களை வளர்ப்பவர் இவ்விருந்தாளியை விரும்பாததில் வியப்பில்லை. கழுத்துக் குறுகிய புட்டியில் இரை வைத்துப் பொறி அமைப்பர். பாறையையே வெளியே எடுத்து நன்னீரில் முக்குவர். பிடிபட்டதைக் குப்பையில் எறிவர். ஆனால் எறியுமுன் ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு ஒருகணம் பார்த்தவர் சிலர், அதை எறியவில்லை. அதுவும் தம்மைப் பார்ப்பதை அவர்கள் கண்டனர். மீன் நம்மைக் கண்டு ஒதுங்கும். சிப்பிக்கு நாம் இருப்பதே தெரியாது. மாண்டிஸ் இறாலோ கண்களை நம் பக்கம் திருப்பி, நாம் நகர்ந்தால் தானும் பார்வையை நகர்த்தும். சிறியதொரு தனித் தொட்டியை அதற்கென வாங்கியவர்கள் இப்படித்தான் தோன்றினர்.

அறிஞர் உலகிலும் இதே காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஹியூ டிங்கிள், ராய் கால்டுவெல் என்ற இருவர், கொனொடாக்டைலஸ் என்னும் சிறு சம்மட்டிக்கார இனத்தின் சண்டை முறைகளைத் தொட்டிகளில் வைத்து ஆராய்ந்து 1969-இல் கட்டுரை வெளியிட்டனர். கால்டுவெல் என்றதும் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய பெரியார் நினைவுக்கு வருவார்; இவர் வேறு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்து விலங்கியல் பேராசிரியர். துளை ஒன்று, அதை நாடுவோர் இருவர் என்பதே இவ்வுயிர்களின் வாழ்க்கைப் போராட்டம். துளையின்றி வெளியே நிற்பது சாவதற்குச் சமம். ஒருமுறை சண்டையில் தன்னை வென்றவனின் வாசனையை நீரில் உணர்ந்தால், தோற்றவன் அத்துளையை அணுகத் தயங்கும் என்று 1979-இல் கால்டுவெல் காட்டினார். அறியாதவனின் வாசனைக்கு அத்தயக்கம் இல்லை. ஆளை அறிந்து நினைவில் வைக்கும் ஆற்றல் ஓர் ஓட்டுடலிக்கு உண்டு என்பது அன்று எளிதில் நம்பத்தக்க செய்தியன்று.

அதனினும் சுவையானது 1983-இல் ஸ்டீகரும் கால்டுவெல்லும் வெளியிட்டது. ஓட்டுடலிகள் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓடு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அந்நாட்களில் மாண்டிஸ் இறாலின் சம்மட்டியும் மென்மையாயிருக்கும். அடித்தால் அடிபடுவது தானே. அப்போது எதிரி துளைவாயிலில் வந்தால் அது என் செய்கிறது? கைகளை அகல விரித்து, அடிக்கப் போவதாக மிரட்டுகிறது! வந்தவன் உறுதியற்றவனாயின் திரும்பிப் போய்விடுகிறான். வெறுங்கையால் வீரம் காட்டும் இந்தத் தந்திரம் எப்போதும் பலிப்பதில்லை. ஆயினும் பலமுறை உயிரைக் காக்கிறது. புட்டியிலுள்ள உடலைக் கொண்டு இதை எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

பாமர மக்களின் காதுக்கு இவ்வுயிரின் புகழ் எட்டியது வேறொரு நிகழ்ச்சியால். 1998-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் என்ற கடற்கரை நகரத்துக் காட்சிச்சாலையில், குத்துச்சண்டை வீரர் டைசனின் பெயரிடப்பட்ட மாண்டிஸ் இறால் ஒன்று, கால் அங்குலக் கண்ணாடியைக் கையால் அடித்து உடைத்துவிட்டதாகச் செய்தி பரவியது. அத்தகைய விபத்து மிக அரிதே. எனினும் அடியின் வன்மை பொய்யன்று. 2004-இல் ஷீலா பட்டேக் என்ற பெண் விஞ்ஞானியும் கால்டுவெல் முதலியோரும் அதிவேகப் படக்கருவியால் அதை அளந்தனர். மயில் மாண்டிஸ் எனப்படும் பலநிற இனத்தின் கை, நொடிக்கு 14 முதல் 23 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. வெறும் தசைக்கு அவ்வேகம் இயலாது. வில்லாளி நாணை மெல்ல இழுத்துச் சட்டென விடுவது போல, குதிரைச் சேணம் போன்று வளைந்த ஓட்டுப்பகுதியில் விசையைச் சேர்த்து வைத்துக் கொக்கியை விடுவிக்கிறது. கை பாயும் வேகத்தில் நீரில் ஆவிக்குமிழி தோன்றிச் சிதைவதால், நத்தைக்கு இரண்டாவது அடியும் விழுகிறது. அடியின் உச்ச விசை 1,500 நியூட்டன் வரை செல்கிறது என மறு ஆண்டு அளந்தனர். ஏறத்தாழ 150 கிலோ எடை அழுத்துவதற்கு ஒப்பானது இது. கையளவே நீளமுள்ள உயிர் என்பதை மறவாதீர்.

கண்ணின் கதை தனி. நம் கண்ணில் நிறம் அறியும் ஏற்பிகள் மூன்று வகை, இதற்குப் பன்னிரண்டு. ஆகவே நாம் காணாத நிறக்கடலை இது காண்கிறது என்று பலரும் எழுதினர். 2014-இல் ஹன்னே தோன் என்பவரும் உடன் ஆய்ந்தோரும், நிறம் காட்டி இரை கொடுத்துப் பழக்கிச் சோதித்தபோது, நெருங்கிய நிறங்களை வேறுபடுத்துவதில் இது நம்மைவிடப் பின்தங்கியது என்று தெரிந்தது. எண்ணிக்கையைக் கண்டு மயங்கியோர் ஏமாந்தனர். நிறங்களை ஒப்பிட்டு ஆராயாமல், கண்டதும் இனங்காணும் வேறொரு முறையை இது கையாள்வதாக அவர்கள் கருதுகின்றனர்.

இவ்வளவும் அறிந்த பின் அதை வளர்க்கும் முறையும் தெளிந்தது. தொட்டியில் வேறெவரும் கூடாது. வைத்தால் அவர் உணவாவர். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் அளவில் உப்பு, மாறாத மிதவெப்பம், மேலே உறுதியான மூடி ஆகியவை வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்து சிறிதும் ஆகாது. மீனைக் காக்கும் அம்மருந்து ஓட்டுடலிகளைக் கொல்லும். எல்லாவற்றினும் முதன்மையானது துளை. உடலளவுக்கேற்ற துளையோ, மணலில் புதைத்த வளைகுழாயோ இல்லாத மாண்டிஸ் இறால் அமைதி கொள்வதில்லை. மயில் மாண்டிஸ் மிகுந்த ஒளியில் வாடும்; அதன் ஓடு அழுகும் நோயை வளர்ப்போர் பெரிதும் அஞ்சுவர். கையைத் தொட்டிக்குள் விடுவோர்க்குக் கிடைக்கும் பரிசு, 'கட்டைவிரல் பிளப்பான்' என்று ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பட்டப்பெயரிலேயே விளங்கும். சில நாட்கள் துளையின் வாயைக் கல்லாலும் மணலாலும் அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். இறந்துவிட்டதோ என்று தோண்டிப் பார்க்கும் அவசரக்காரர், ஓடு இறுகாத உயிரைத் தம் கையாலேயே கொன்றுவிடுவர். அறிந்தவர் காத்திருப்பர். ஒருநாள் காலை, கைமுட்டி வரை சிதையாத பழஞ்சட்டை வாயிலில் கிடக்கும்.

பாறை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் காஸின் காலத்திலிருந்து நம்மைத் தொடர்ந்து வருகிறது. கற்பவளங்கள் அனைத்தும் பன்னாட்டு வாணிப ஒப்பந்தக் கட்டுப்பாட்டின்கீழ் உள்ளன. நம் நாட்டில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டுப் பவளத்தை எடுப்பதும் குற்றம். சுண்ணாம்புக்காக அங்கே பவளப்பாறைகளை வெட்டிக் குவித்த காலத்தை மண்டபம், தூத்துக்குடிப் பகுதியினர் அறிவர். வெளிநாட்டு வளர்ப்போர் பலரும் இப்போது உலர்ந்த கல்லையோ வார்த்துச் செய்த கல்லையோ வாங்கி, நுண்ணுயிர்களை மெல்லக் குடியேற்றிக் கொள்கின்றனர். அவ்வகைக் கல்லில் அழையா விருந்தாளி எவனும் வருவதில்லை. ஆகவே மாண்டிஸ் இறாலை விரும்புவோர் அதை விலைகொடுத்தே வாங்கவேண்டியதாகிறது. விற்பவருக்கு அது கடலிலிருந்துதான் வரவேண்டும்.

தொட்டியில் பிறந்ததை வாங்கலாமே எனில், அங்கேதான் வழி அடைபடுகிறது. தாய் முட்டைத் திரளைக் கைகளில் ஏந்திக் காக்கும். தொட்டியிலும் அதைக் காணலாம். குஞ்சுகள் வெளிவந்ததும் கண்ணாடி போன்ற உடலோடு ஒளியை நோக்கி மிதந்தெழும். கடலில் அவை வாரக்கணக்கில், சில இனங்களில் மாதக்கணக்கில், நீரோட்டத்தோடு அலைந்து உருமாறிய பிறகே அடிமணலை அடைகின்றன. வீட்டுத் தொட்டியிலோ அவற்றுக்கு அலைய இடமில்லை. நீரை இழுக்கும் பொறி அவற்றை உறிஞ்சிவிடுகிறது. தப்பியவை பசியால் ஒன்றையொன்று தின்கின்றன. ஆய்வுக்கூடங்களில் சில இனங்களை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். வீடுகளில் அது அரிதினும் அரிது.